பழைய கார் வாங்குமுன்

கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுவது நெடுங்கால வழக்கம். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் தொலைவான ஊர்களிலிருந்தும் உழவர்கள் காளைகளையும் கறவைகளையும் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு வருவர். அச்சந்தையில் ஓர் உழவர் காளை வாங்கும் காட்சியைச் சற்றே நின்று நோக்குவோம். காளையின் கொம்பில் பூசிய வண்ணமும் கழுத்தில் கட்டிய சலங்கையும் அவர் கருத்தைக் கவர்வதில்லை. அவர் நேரே அதன் தலைப்பக்கம் சென்று, வாயைப் பிரித்துப் பல்லைப் பார்க்கிறார்.

பல்லைப் பார்ப்பது ஏன்? மாட்டிற்கு மேல்தாடையின் முன்புறத்தில் பற்கள் இல்லை. கீழ்த்தாடையின் முன்புறத்தில் எட்டுப் பற்கள் உண்டு. கன்றுப் பருவத்துப் பால்பற்கள் ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து இரண்டிரண்டாக விழும். அவ்விடங்களில் நிலையான பற்கள் முளைக்கும். நான்கு, ஐந்து வயதளவில் எட்டும் நிறைந்துவிடும். அதன்பின் ஆண்டுதோறும் அவை தேயும். ஆகவே, விற்பவர் எவ்வயது சொன்னாலும் பல் உண்மையைச் சொல்லிவிடும். பல்லைப் பார்த்தபின் உழவர் காளையை நடக்கவிட்டுக் காண்கிறார். குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார். நுகத்தடி தாங்கும் கழுத்தைத் தடவிப் பழைய புண் உண்டா என்று தேர்கிறார். எல்லாம் முடிந்த பிறகே துண்டை மேலே போட்டு, அதன் அடியில் விரல்களைப் பற்றி விலை பேசுகிறார். ஆராய்வு முன், விலை பின். இதுவே அவர் கைக்கொண்ட முறை.

அதே ஊரில், அதே நாளில், வேறொருவர் பழைய கார் ஒன்று வாங்கப் புறப்படுகிறார் என்று கொள்வோம். அவர் சிறியதொரு மளிகைக்கடை வைத்திருப்பவர். முதிய தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளுடன் உறவினர் ஊர்களுக்குச் சென்று வரவும் கார் ஒன்று வேண்டும் என்பது அவருடைய பல்லாண்டு விருப்பம். புதிய கார் வாங்கப் பொருள் இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை பழைய கார் ஒன்றுக்கே போதும். மாலை நேரத்தில் விளக்கொளியில் ஒரு காரைக் காண்கிறார். அது பளபளவென்று மின்னுகிறது. இருக்கைகளுக்குப் புதிய உறை போட்டிருக்கிறது. உள்ளே நறுமணம் கமழ்கிறது. "நாளைக்கு வேறொருவர் பணத்தோடு வருகிறார்" என்று விற்பவர் சொல்கிறார். மளிகைக்கடைக்காரர் மறுமொழி பேசாமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

மாணவர்களே! இவ்விருவருள் அறிவுடையார் யார்? காளையின் சலங்கையைக் கண்டு மயங்காதவர் உழவர். காரின் சலங்கையைக் கண்டு மயங்கியவர் கடைக்காரர். காருக்கும் பல் உண்டு. அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஏமாறார். அப்பல் எது, அதைப் பார்ப்பது எப்படி என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பழைய கார் வாங்குவதில் உள்ள இடர் ஓர் ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்பவர் 1970-ஆம் ஆண்டில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அந்நாட்டு மக்கள், வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே பழுதுற்ற காரை 'எலுமிச்சை' என்று கேலியாகச் சொல்வது வழக்கம். 'எலுமிச்சைகளின் சந்தை' என்பதே அக்கட்டுரைக்கு அவர் இட்ட பெயர். அவர் கூறிய கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நல்ல காரின் மதிப்பு 4 இலட்சம் ரூபாய். பழுதுற்ற காரின் மதிப்பு 2 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எது நல்லது, எது பழுதுற்றது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் அஞ்சி, இடைப்பட்டதாக 3 இலட்சம் ரூபாய்தான் தருவேன் என்கிறார். நல்ல கார் வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்கிறார். பழுதுற்ற கார் வைத்திருப்பவரோ மகிழ்ச்சியோடு விற்க முன்வருகிறார். இவ்வாறு நல்லவை சந்தையை விட்டு நீங்க, அல்லவை எஞ்சி நிற்கின்றன. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத நிலையே இதற்குக் காரணம். இவ்வகை ஆராய்ச்சிக்காக ஆக்கர்லாஃப் 2001-ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய இருவருடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்விடரைத் தீர்க்கும் வழி, விற்பவர் அறிந்ததை வாங்குபவரும் அறிந்துகொள்வதே ஆகும். அதற்கு முதற்படி, தக்க துணையைத் தேடுவது. கார் வேலையில் தேர்ந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருத்தல் கூடாது. விற்பனையில் தரகு பெறுபவராகவும் இருத்தல் கூடாது. அவருக்கு உரிய கூலியை, கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மனமுவந்து கொடுத்துவிட வேண்டும். வாங்கினால்தான் கூலி என்ற நிலை இருந்தால், அவர் சொல்லும் குறைகள் குறைந்துபோகும் அன்றோ? இரண்டாவது, காலம் அறிதல். இரவிலும் மழையிலும் கார் பார்க்கலாகாது. நல்ல வெயிலொளியில் பார்க்க வேண்டும். மூன்றாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்ல வேண்டும். காலையில் சென்றதும் பானட்டின் மீது கையை வைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், நாம் வருமுன் விற்பவர் எஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார் என்பது விளங்கும். குளிர்ந்த எஞ்சினில் வெளிப்படும் சில குறைகள் சூடான எஞ்சினில் மறைந்துவிடும்.

இனி, காரின் உடலை ஆராய்வோம். காரிலிருந்து பத்தடி தள்ளி நின்று, அதன் பக்கவாட்டைக் கண்ணால் நீளமாக நோக்க வேண்டும். ஒரு கதவின் நிறம் மற்றொரு கதவின் நிறத்தினின்றும் சிறிது வேறுபட்டால், அவ்விடத்தில் மறுபடியும் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று அறியலாம். கதவுக்கும் கதவுக்கும் இடையே உள்ள சந்து எங்கும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தால், அக்கார் எங்கோ மோதியிருக்கலாம். அடிபட்ட தகட்டை டிங்கர் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, மேலே வண்ணம் பூசுவர். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் காந்தத்துக்குத் தெரியும். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும்; பட்டி தடித்திருக்கும் இடத்தில் ஒட்டாமல் நழுவும். முன்னும் பின்னும் உள்ள பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. அங்கே காந்தம் ஒட்டாமை குறையன்று. பானட், கதவு ஆகியவற்றை இணைக்கும் போல்ட்டுகளின் தலையில் வண்ணம் உரிந்து, ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், அவற்றை ஒருமுறையேனும் கழற்றியிருக்கிறார்கள் என்பது பொருள்.

சிறிய உராய்வுக்காக வண்ணம் பூசியதைப் பெருங்குற்றமாகக் கொள்ள வேண்டுவதில்லை. நாம் அஞ்ச வேண்டியது, வண்டியின் முதுகெலும்பு போன்ற அடிச்சட்டம் வளைந்திருப்பதற்கே. ஆகவே, காரைப் பட்டறையில் உயரத் தூக்கி நிறுத்தி, அடிப்பாகத்தை விளக்கொளியில் பார்ப்பது இன்றியமையாதது. வளைந்த சட்டம், புதிதாகப் பற்றவைத்த தடம், துருப்பிடித்துப் பொத்தலான தகடு, எண்ணெய் கசியும் இடம் ஆகியவை அங்கேதான் வெளிப்படும்.

தமிழ்நாட்டில் மற்றுமொன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். அது வெள்ளம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023-ஆம் ஆண்டு டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் பெஞ்சல் புயல் பெய்த பெருமழையில், திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் சாலையில் உள்ள ஊத்தங்கரையில் வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. நீரில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து உலர்த்தினால், பார்வைக்குப் புதியதுபோல் ஆகிவிடும். ஆனால், இக்காலக் காரில் உடலெங்கும் நரம்பு போல மின்கம்பிகள் ஓடுகின்றன. அவற்றின் இணைப்புகளில் புகுந்த நீர் மெல்ல மெல்லத் துருவேற்றும். சில திங்கள் கழித்து, நடுச்சாலையில் விளக்கு அணையும், எஞ்சின் நிற்கும், விபத்தில் விரிய வேண்டிய காற்றுப்பை விரியாமலும் போகலாம்.

வெள்ளம் கண்ட காரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கறை கோடிட்டிருந்தால், நீர் அவ்வளவு உயரம் ஏறியிருந்தது என்று அறியலாம். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் ஈரமோ மண்ணோ உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். இருக்கையின் அடியில் உள்ள இரும்புச் சட்டங்களில் துரு உண்டா என்று நோக்க வேண்டும். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். அங்கே படிந்த வண்டல் எளிதில் நீங்காது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் உள்ளே அமர்ந்தால், நறுமணத்தையும் மீறிப் பூஞ்சை நாற்றம் எழும்.

அடுத்து எஞ்சின். அதுவே காரின் இதயம். முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் கருத்திருப்பது இயல்பு. அது பால் கலந்த காப்பியின் நிறம் கொண்டு நுரைத்திருந்தால், எஞ்சினுள் தண்ணீர் கலக்கிறது என்பது பொருள். அது பெரும் செலவுக்கு அறிகுறி. ரேடியேட்டரின் மூடியை எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். பிறகு எஞ்சினைக் கிளப்பிவிட்டு, சைலன்சர் வழியே வரும் புகையை நோக்க வேண்டும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை மிகுந்தால் எரிபொருள் சரிவர எரியவில்லை. வெண்புகை விடாமல் வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே நுழைகிறது. மார்கழிக் காலையில் தொடக்கத்தில் மட்டும் சிறிது வெண்மை தோன்றி மறைந்தால் அது வெறும் நீராவி. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

மாட்டின் வயதைப் பல் காட்டுவது போலக் காரின் உழைப்பைக் காட்டுவது ஓடோமீட்டர் என்பர். ஆனால், இப்பல்லைப் பொய்ப்பல்லாக மாற்றிவிடலாம் என்பதை மறத்தலாகாது. ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் மோசடி உலகெங்கும் உண்டு. ஆகவே, அவ்வெண்ணைப் பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று எண் காட்டுகிறது. ஆனால் பிரேக்கை மிதிக்கும் இடத்து ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கின் மேலுறை பளபளத்துக் கிடக்கிறது. ஓட்டுநர் இருக்கை குழிந்திருக்கிறது. இவற்றுள் எதை நம்புவது? ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. காரை அவ்வப்போது சர்வீஸ் செய்த சீட்டுகளில் அன்றன்று ஓடிய கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தாலும் உண்மை விளங்கும்.

டயரும் ஒரு நல்ல சான்று. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். '2319' என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் ஆழமே எஞ்சும்போது, அம்மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். அந்நிலையில் அதை மாற்றியே தீர வேண்டும். இல்லையேல் மழைநாளில் சாலையைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரங்கள் நேராக அமையவில்லை என்றோ, அடிச்சட்டம் வளைந்திருக்கிறது என்றோ ஐயுற வேண்டும்.

நின்ற காளையைப் பார்த்தால் போதாது. நடக்கவிட்டும் பார்க்க வேண்டும். அதுபோலக் காரையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தெருமுனைவரை சென்று திரும்புவது ஓட்டிப் பார்த்தல் ஆகாது. அரைமணி நேரமேனும் ஓட்ட வேண்டும். சமதளச் சாலையிலும், மேடுபள்ளத்திலும், ஏற்றத்திலும் ஓட்ட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தார்க்கு ஏற்றத்துக்குக் குறைவில்லை; போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைச்சாலை உண்டு. ஏற்றத்தில் எஞ்சினின் இரைச்சல் கூடுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை என்றால், கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது என்று அறியலாம். நேரான சாலையில் ஸ்டீயரிங்கை இலேசாகப் பிடித்தால் கார் நேரே செல்ல வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தலாகாது. ஸ்டீயரிங்கை முழுவதும் வளைத்து மெல்லத் திருப்பும்போது 'டக் டக்' என்னும் ஒலி கேட்டால், முன்சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் இணைப்புத் தேய்ந்திருக்கலாம். வானொலியை நிறுத்திவிட்டு ஓட்ட வேண்டும். பாட்டு ஒலியில் பழுதின் ஒலி மறைந்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலானது பிரேக். ஆளற்ற சாலையில், பின்னே வண்டி வாராமை கண்டு, அழுத்தமாகப் பிரேக்கை மிதிக்க வேண்டும். கார் நேராக நிற்க வேண்டும். மிதி பஞ்சுபோல அமிழ்ந்தாலும், கார் பக்கவாட்டில் திரும்பினாலும், உலோகம் உராயும் ஒலி எழுந்தாலும் அது பழுதே. கைப்பிரேக்கைச் சரிவில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின், காற்றுப்பை, பிரேக் ஆகியவற்றுக்குரிய எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து பின் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது உண்டு. எரியவே இல்லையென்றால் இன்னும் ஐயத்துக்கு இடம் உண்டு. பழுதை மறைக்க விளக்கையே செயலற்றதாக்கியிருக்கலாம். இக்காலக் கார்களில், சிறிய கருவி ஒன்றைச் செருகி, காரின் கணினி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறிப்புகளைப் படிக்கவும் இயலும். மெக்கானிக்கிடம் அக்கருவி இருந்தால் அதனையும் பயன்படுத்திக்கொள்வது நன்று.

கார் நன்றாக இருப்பது மட்டும் போதாது. அதன் ஆவணங்களும் நன்றாக இருத்தல் வேண்டும். பதிவுச் சான்றாகிய ஆர்.சி. யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும், காரில் பொறித்திருக்கும் எண்களோடு ஓர் எழுத்தும் பிறழாமல் ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் அக்காரைத் தொடவே கூடாது. திருவண்ணாமலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டிகளின் எண் 'டி.என். 25' என்று தொடங்கும். வேறு எண் இருந்தால் அக்கார் எங்கிருந்து, ஏன் இங்கு வந்தது என்று கேட்டறிய வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே, பதிவு முடியும் நாளையும் பார்க்க வேண்டும். காரின்மேல் கடன் இருந்தால் அக்குறிப்பு பதிவில் இருக்கும். கடன் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் எழுத்தில் தந்து, அக்குறிப்பு நீங்கினால்தான் கார் முழுமையாக நமதாகும். காப்பீடு, புகைச்சான்று, கட்டாமல் விட்ட அபராதம் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். மத்திய அரசின் 'பரிவாகன்' இணையத்தளத்தில் வண்டியின் எண்ணைக் கொடுத்து இவற்றுள் பலவற்றை அறியலாம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது.

பணம் கொடுத்து, சாவியைப் பெற்றவுடன் கடமை முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது ஒரு பெரும் பிழை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்துக்குள் காரை விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். இதற்கென 29, 30 என்னும் எண்ணுள்ள படிவங்கள் உள்ளன. காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும்.

இதனைச் செய்யாவிடில் விளைவது யாது? உண்மையில் நிகழ்ந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் தம் காரை விற்றார். வாங்கியவர் மற்றொருவருக்கு விற்றார். அது மேலும் கைமாறியது. ஆயினும், பதிவேட்டில் முதலில் விற்றவர் பெயரே நின்றது. 2009-ஆம் ஆண்டில் அக்கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார் என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்கள் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலையும்படி விடலாகாது என்பதே அதன் கருத்து. ஆகவே, பெயர் மாற்றம் வாங்குபவருக்கு மட்டுமன்றி, விற்பவருக்கும் காவல் ஆகும்.

"இவ்வளவும் கேட்டால் விற்பவர் மனம் நோவாரே, நம்மைப் பிறரை நம்பாதவர் என்று எண்ணுவாரே" என்று சிலர் தயங்குவர். அத்தயக்கம் வேண்டுவதில்லை. நல்ல கார் வைத்திருக்கும் நேர்மையாளர் ஆராய்ச்சிக்கு அஞ்சார். முன்னே சொன்ன எலுமிச்சைச் சந்தையை நினைவுகூருங்கள். வாங்குவோர் ஆராயாமல் வாங்கினால், நல்ல காருக்கு நல்ல விலை கிடைக்காமல் போகும், நேர்மையாளருக்கே இழப்பு. வாங்குவோர் ஆராய்ந்து வாங்கினால், நல்லது நல்லதென்று விளங்கும். அதற்குரிய விலையும் கிடைக்கும். ஆகவே, ஆராய்வது விற்பவரை இகழ்வதாகாது. நேர்மையாளரை வேறு பிரித்து மதிப்பதே ஆகும். "பார்க்க வேண்டாம், என் சொல்லை நம்புங்கள்" என்று தடுப்பவரிடமிருந்து வணக்கம் கூறி விலகிவிடுவதே அறிவுடைமை. வள்ளுவர் மனிதரைத் தேர்ந்தெடுப்பதற்கே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். முதலில் தெரிதல், பின்பே தெளிதல்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பவர்கள் சுழியையும் பார்ப்பதுண்டு. உடலில் மயிர் சுழிந்திருக்கும் இடத்தைக் கொண்டு நன்மை தீமை சொல்வர். பல், வயதுக்குச் சான்று. சுழியோ வெறும் நம்பிக்கை. கார் வாங்குவோரிடமும் இவ்விரண்டும் உண்டு. வண்டி எண்ணின் கூட்டுத்தொகை, நிறத்தின் இராசி முதலியவற்றை ஆராய்வதில் ஒரு நாள் முழுவதும் செலவிடுவோர், பிரேக்கை ஆராய அரைநாழிகை செலவிட மனம் கொள்வதில்லை. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால், அது சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

நம் மளிகைக்கடைக்காரரிடம் மீண்டும் வருவோம். அவர் முன்பணம் கொடுக்குமுன் ஒருநாள் பொறுத்து, மெக்கானிக்கோடு காலையில் சென்றிருப்பார் என்று கொள்வோம். அவர்கள் காந்தம் நழுவும் இடத்தைக் கண்டிருப்பர். தேய்ந்த டயரைக் கண்டிருப்பர். அமிழும் பிரேக்கைக் கண்டிருப்பர். கண்ட குறைகளைத் தாளில் எழுதி, அவற்றைச் சீராக்க ஆகும் செலவையும் கணக்கிட்டிருப்பர். குறை சிறிதாயின் அத்தொகையை விலையில் குறைத்துக் கேட்டிருப்பார். பெரிதாயின் வேறு கார் பார்த்திருப்பார். மெக்கானிக்குக் கொடுக்கும் சிறு கூலியும் ஒருநாட் பொழுதுமே அவருக்கு ஆகும் செலவு. அதனால் அவர் பல்லாண்டுச் சேமிப்புக் காக்கப்பட்டிருக்கும்.

காக்கப்படுவது சேமிப்பு மட்டுமன்று. திருவண்ணாமலையில் முழுநிலா நாள்தோறும் பெருந்திரளான மக்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவு மலையைச் சுற்றி வருகின்றனர். முதியோர் கோலூன்றி நடப்பர். தாய்மார் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடப்பர். பலர் வெறுங்காலுடன் நடப்பர். அவர்களுக்கு வழிவிட்டு ஊருக்குள் மெல்லச் செல்லும் ஒரு காரின் பிரேக் அப்போது பிடிக்காமற்போனால் என்ன ஆகும்? அம்மக்கள் அக்காரை வாங்கியவர் அல்லர். அதன் குறையை அறிந்தவரும் அல்லர். ஆயினும், அக்குறைக்கு விலை கொடுப்பவர் அவராகவே இருப்பர். உழவர் ஆராயாமல் காளை வாங்கினால் அவர் வயல் ஒன்றே கெடும். நாம் ஆராயாமல் கார் வாங்கினாலோ, முன்பின் அறியாதவர் உயிருக்கும் இடர் நேரும்.

ஆதலின், மாணவர்களே! நாளை உங்கள் இல்லத்தில் பழைய கார் வாங்கப் பேச்சு எழுந்தால், அதன் பளபளப்பைப் பேசாதீர்கள். "பல்லைப் பார்த்தீர்களா அப்பா?" என்று கேளுங்கள். அக்கேள்வியின் பொருள் அவருக்கு முதலில் விளங்காமல் இருக்கலாம். இப்பாடத்தில் கற்றதை நீங்கள் எடுத்துச் சொன்னால் விளங்கிவிடும்.